தேதி பின்னர் அறிவிக்கப்படும்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. ஒன்று ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். இன்னொன்று நானே பிரிண்ட் எடுத்து ஒட்டிய கார் ரேஸ் காலண்டர். முதலாவதைப் பார்த்து என் மாமியார் விரதம் இருந்தார். இரண்டாவதைப் பார்த்து நான் பிள்ளை பெற வேண்டியிருந்தது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வளைகுடா நாடு ஒன்றில் ஒரு ரேஸ் டீமில் டயர் மெக்கானிக். சங்கரன்கோவிலில் இதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. டயர் கடையில் இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது பாதி சரி. கடையநல்லூர் பாய் ஒருவர் அங்கே வைத்திருந்த டயர் கடைக்குத்தான் முதலில் போனார். அந்தக் கடைக்கு வந்துபோன ரேஸ் டீம் மேனேஜர், ஒரு வெள்ளைக்காரர், இவர் வேலை செய்கிற சுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தன்னோடு கூட்டிக்கொண்டார். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், பிரான்சில் ஒரு முழு நாள் என்று ஓடுகிற பந்தயம் அது. ஒரே காரை மூன்று டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கார் உள்ளே வந்ததும் பெட்ரோல் போட்டு முடிகிற வரைக்கும் டயரில் கை வைக்கக் கூடாது. முடிந்த அடுத்த நொடி இவரும் இன்னும் சிலரும் பாய்ந்து நாலு டயரையும் கழற்றி மாட்ட வேண்டும்.

அவர் ரேஸ் டீமில் சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் வெறும் எரிச்சல். ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் போனில் பேசக் கிடைக்கிற கால் மணி நேரத்தில் டயர் சூட்டைப் பற்றிப் பேசுவானா? ஆனால் அவருக்கு வேறு பேச வராது. சரி, நாமே போய்ச் சேருவோம் என்று கற்றுக்கொண்டேன். எனக்கு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா, பெயர் திருத்தம் என்று நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான். சர்வர் படுத்துக்கொள்கிற நேரத்தில் ரேஸ் செய்தி படிப்பேன். இரண்டு வருஷத்தில் அவருக்கு முன்னால் எனக்குச் செய்தி தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். எனக்கு முப்பத்தாறு வயது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. முட்டையை எடுத்து, இவருடையதோடு சேர்த்து, கருவாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சை. ஒரு தடவை செய்து பலிக்கவில்லை. இரண்டாவது தடவைக்குப் போனபோது டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, முட்டை குறைந்துகொண்டே வருகிறது, இந்த வருஷத்தைத் தாண்ட விடாதே, இதற்கப்புறம் உன்னுடைய முட்டையை வைத்துச் செய்ய முடியும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த அம்மா அதற்குமேல் சொன்னதை எல்லாம் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தடவை இவரும் லீவில் வந்து கூட இருந்தார். டாக்டரம்மா நல்ல யோசனை ஒன்று சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற ஆள், சமயத்துக்கு வர முடியாமல் போகலாம், உங்கள் சாம்பிளை இப்போதே கொடுத்துவிட்டுப் போங்கள், உறைய வைத்துக்கொள்கிறோம் என்றார். இவர் முகம் செத்துவிட்டது. "நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், போய் பஸ் ஸ்டாண்டில் நின்றார். நான் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். மானஸ்தன், மனசு வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

தெருவில் யாருக்கும் தெரியாது. நான் அடிக்கடி திருநெல்வேலி போவதற்கு என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: பல் வைத்தியம். எதிர்வீட்டு மதினி ஒருநாள் என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இன்னும் எத்தனை பல்லு பாக்கி இருக்கு?" என்று கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். ஊசி மருந்தெல்லாம் பிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. மாவு இரவல் கேட்டு யாராவது வந்தால் அத்தையே எழுந்து போய் எடுத்துக் கொடுப்பார்.

அந்த வருஷம் ரேஸ் காலண்டர் தொடக்கத்திலேயே கோணிக்கொண்டது. மார்ச்சில் அவர்கள் ஊரிலேயே நடக்க வேண்டிய முதல் ரேஸை, அந்த வட்டாரத்தில் நிலைமை சரியில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று ஒரு வரி. இந்த வரியை வருஷத்துக்கு நூறு தடவை எங்கள் மையத்து வாசலில் ஒட்டுகிறவள் நான். அது எப்போது வேண்டுமானாலும் தலையில் வந்து விழும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மறந்துவிட்டேன். அக்டோபரில் இரண்டு ரேஸுக்கு நடுவில் ஐந்து வாரம் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. டாக்டரம்மாவிடம் அக்டோபர் என்று சொல்லிவிட்டேன். அது கைவிட்டால் டிசம்பர் லீவு இருக்கிறது என்று ஒரு தைரியமும் இருந்தது.

அந்த டிசம்பரைத்தான் முதலில் பறித்தார்கள். கார் செய்கிற கம்பெனி வேறு, டீம் வேறு. கம்பெனி காரும் உதிரிச் சாமானும் கூட இரண்டு இன்ஜினியர்களும் கொடுக்கும், டீம் ஓட்டும். ஜூன் கடைசியில் அந்தக் கம்பெனி, இந்த சீசனோடு நாங்கள் விலகுகிறோம் என்று அறிக்கை விட்டது. 'நீண்டகாலத் திட்டங்களை மறு ஆய்வு செய்ததில்' என்று காரணம் போட்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் மனுவைத் தள்ளுபடி செய்கிற வாசகம் அச்சாக அதேதான். ஒரு பெரியவருக்கு வாரிசுச் சான்றிதழ் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். பிரிண்டரைக் கவனிக்காமல் விட்டதில் தாள் இரண்டாக வந்து சிக்கிக்கொண்டது.

போன் போட்டேன். அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. கார் இல்லை என்றால் டீம் இல்லை, டீம் இல்லை என்றால் இவருக்கு வேலை இல்லை, விசாவும் இல்லை. அடுத்த மாதம் முழுக்க அவர் பேசினாலே கம்பெனி கம்பெனி என்றுதான். நான் முட்டை என்று ஆரம்பித்தால், இரு, இது முதலில் முடியட்டும் என்பார். ஆடித்தபசுக்குக் கொடியேறியது. நான் கோயிலில் ஆடிச்சுத்து நேர்ந்திருந்தேன், நூற்றெட்டுச் சுற்று. நடக்க நடக்க ஒரே குழப்பம், வேலையைக் கேட்பதா, பிள்ளையைக் கேட்பதா என்று. இரண்டையும் கேட்டால் பேராசை என்று அம்மன் நினைத்துக்கொள்வாளோ என்று வேறு பயம். எழுபது சுற்று வரைக்கும் பிள்ளை, அப்புறம் வேலை என்று பிரித்துக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்டில் வேறொரு கம்பெனி டீமோடு கையெழுத்துப் போட்டது. வேலை தப்பியது. ஆனால் புது கார் என்றால் எல்லாம் புதிது. சக்கரத்தைப் பூட்டுகிற நட்டு வேறு, காரைத் தூக்குகிற இடம் வேறு. "கை பழகினது அம்புட்டும் போச்சு, இனி அரிச்சுவடில இருந்து படிக்கணும்" என்றார். சீசன் முடிந்த கையோடு டிசம்பர் முழுக்க புது காரில் பயிற்சி, யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும், அக்டோபர் இருக்கிறதே என்று நான் சொன்னேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச்சில் நிறுத்திவைத்த ரேஸுக்குத் தேதி அறிவித்தார்கள். அக்டோபர் மூன்றாவது வாரம். என்னுடைய ஐந்து வாரத்துக்கு நட்ட நடுவில்.

திருநெல்வேலிக்கு ஓடினேன். அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். அடுத்த மாதம் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் வருவாரா என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. அக்டோபர் ரேஸ் முடிந்தால் அப்படியே கடைசி ரேஸுக்கு சாமான் ஏற்ற வேண்டும், அது முடிந்தால் புது கார். முட்டையை மட்டும் எடுத்துத் தனியாக உறைய வைக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் உனக்கு வருவதே இரண்டோ மூன்றோ, அதில் உறைந்து உருகும்போது ஒன்று போனாலும் போச்சு, அன்றைக்கே சேர்ப்பதுதான் நல்லது என்றார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் முட்டை எடுக்கிற நாள், ரேஸுக்கு முந்தின வாரம் விழுந்தது. நாலு நாள் லீவு கிடைத்தால் போதும். அவரிடம் சொன்னேன். "நாலு நாள்தான, வாங்கிருவேன். நீ ஆரம்பி" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் ஊசியை ஆரம்பித்தேன்.

ஊசியை நானே வயிற்றில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் போட வேண்டும். போட்டுவிட்டு, லீவு கேட்டீங்களா என்று ஒரு மெசேஜ் அனுப்புவேன். கேட்கிறேன், கேட்கிறேன் என்று பதில் வரும். ஆறாம் நாள் வரைக்கும் அப்படியே ஓடியது. எனக்கு வயிறு ஊதி, சேலைக் கொசுவம் சொருக முடியவில்லை. வேலையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டைப் அடித்தேன். எட்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. முட்டை எடுக்க இரண்டு நாள்தான் பாக்கி.

"லீவு இல்லைன்னுட்டாரு."

என்ன காரணம் சொல்லிக் கேட்டீர்கள் என்றேன். அதை விடு என்றார். மறுபடி கேட்டேன், சுற்றி வளைத்தார். மூன்றாம் தடவை நான் கேட்ட குரலுக்கு, வரிசையில் நின்ற ஜனம் திரும்பிப் பார்த்தது.

"தங்கச்சிக்குக் கல்யாணம்னு சொன்னேன்."

இவருக்குத் தங்கச்சியே கிடையாது. சென்னையில் ஒரு அண்ணன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்கள் வெளிநாட்டில் லீவு கேட்டால் தங்கச்சி கல்யாணம்தான். அந்தக் கடையநல்லூர் பாய் கடையில் இருந்த ஒருவனுக்கு மூன்று வருஷத்தில் ஐந்து தங்கச்சி கல்யாணம் நடந்ததாக இவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். மேனேஜர் என்ன சொன்னாராம் தெரியுமா? ஒரு ரேஸையே ஏழு மாதம் தள்ளி வைத்து நடத்துகிறோம், உங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தை இரண்டு வாரம் தள்ளி வைக்கக் கூடாதா என்றாராம். அந்த மனிதரை எப்படிக் குற்றம் சொல்வது? கேட்ட கேள்வி சரிதானே.

உண்மையைச் சொல்ல உங்களுக்கு என்ன வந்தது என்று கத்தினேன்.

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? எனக்குப் பிள்ளை இல்ல, அதுக்காகப் போறேன்னா? பன்னெண்டு பேரு நிக்காங்க அங்கன."

போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வயிற்றில் எட்டு நாளாகக் குத்திய இடமெல்லாம் கன்றிப் போயிருக்கிறது. இவருக்கோ பன்னிரண்டு பேருக்கு முன்னால் மானம் போகக் கூடாது. அத்தை சொன்ன பல் வைத்தியமும் இதுவும் ஒன்றுதான், நானும் அதற்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அவருடைய விசாத் தாள்களை ஸ்கேன் செய்து கொடுத்தவள் நான்தான். மேனேஜருடைய இமெயில் முகவரி அதில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். பழக்க தோஷம், முதலில் 'ஐயா' போட்டு, 'பொருள்' போட்டு, மனு மாதிரியே வந்தது. அழித்துவிட்டு ஏழு வரி எழுதினேன். கல்யாணம் எதுவும் இல்லை, நாங்கள் குழந்தைக்குச் சிகிச்சை எடுக்கிறோம், எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவருக்குச் சொல்ல வெட்கம், அதனால் நான் சொல்கிறேன் என்று எழுதினேன். அனுப்புகிற பட்டனை அமுக்கும்போது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே அனுப்பியிருப்பேன் என்று எழுதியிருந்தார். நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுகிறேன், டயருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், என் பிள்ளைகள் இரண்டும் இப்படிப் பிறந்தவைதான், தைரியமாக இருங்கள் என்று முடித்திருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வரிசையில் முதலில் நின்ற அக்கா, சர்வர் போய்விட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் அவர் விமான நிலையத்திலிருந்து பேசினார். எடுத்த எடுப்பிலேயே, "உனக்கு இப்ப சந்தோசம்தான? எல்லாவனும் வந்து கையக் குடுக்கான்" என்றார். வொர்க்‌ஷாப்பில் மேனேஜர் எல்லாரையும் வைத்து வாழ்த்திச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஊர் வழக்கத்தில் அது அன்பு. இவருக்கு அது நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், போன் அணைந்துவிட்டது.

ஆனால் வந்தார். அதை நான் மறைக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். எனக்கு மயக்கம் தெளிந்தபோது கட்டில் ஓரத்தில் இளநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீவிய இளநீரை வெகு நேரமாகக் கையிலேயே வைத்திருந்தார் என்று அப்புறம் நர்ஸ் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று முட்டை கிடைத்ததாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு வருசமா அந்தாளு கூட வேலை பாக்கேன். அவரு பிள்ளைக போட்டோவ ஆயிரம் தடவை காட்டியிருக்காரு. எனக்கு இது தெரியவே தெரியாது" என்றார்.

இளகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடிக்கப் போனேன். இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். இனிமேல் என் விஷயம் எதையும் எவனுக்கும் எழுதாதே என்று சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போனார். பெற்ற தாயைக்கூடப் பார்க்கவில்லை. லீவு முடிய ஒரு நாள் முன்னதாகவே வேலைக்குப் போய் நின்றுகொண்டார். அடுத்த வாரம் நான் படுத்தபடியே போனில் அந்த ரேஸைப் பார்த்தேன். ஹெல்மெட்டும் தீப்பிடிக்காத உடுப்பும் போட்டுக்கொண்டு நிற்பவர்களில் எது என் புருஷன் என்று நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். அவர் டயரை மாற்றுகிற வேகத்தைப் பார்த்து, இத்தனை கோபத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று முட்டையில் இரண்டு கருவானது. ஒன்று மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஒன்று தங்கியது. உன் உடம்பு தேறட்டும், ஜனவரியில் உள்ளே வைக்கலாம் என்று அதை உறைய வைத்தார்கள். அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஒண்ணு இருக்கு."

அந்தப் பக்கம் காற்றுத் துப்பாக்கி சத்தம் கேட்டது, நட்டு கழற்றிப் பழகுகிறார்கள். சத்தம் நின்றதும் கேட்டார்.

"அதுக்கு நான் வர வேண்டாம்லா?"

வைத்தியப்படி வர வேண்டியதில்லைதான். வேண்டாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் வாரம் ஒரு போன். அம்மா நல்லா இருக்காளா, மழை உண்டா, அவ்வளவுதான். டயரைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. ஒரு காலத்தில் எனக்கு எரிச்சலாக இருந்த பேச்சு, அதற்கு இப்போது நான் ஏங்கினேன். புது கம்பெனியின் கார்கள் கப்பலில் தாமதமாகின்றன, டிசம்பர் பயிற்சியை பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதை நான் இன்டர்நெட்டில்தான் படித்தேன். டிசம்பரும் ஜனவரியும் டீம் முழுக்கச் சும்மா இருந்தது. அவர் சொல்வார் சொல்வார் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்கவில்லை. கேட்டால் வேறொரு தங்கச்சிக்குக் கல்யாணம் வந்துவிடுமோ என்று பயம்.

ஜனவரியில் தேதி கொடுத்தார்கள். அத்தை கூட வருகிறேன் என்று சேலை மாற்றி நின்றார். அப்புறம் அவரே, இரண்டு பேரும் கிளம்பினால் தெரு பல் வைத்தியம் என்று நம்பாது என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவரைத் திட்டத் தெம்பில்லை. காலை பஸ்ஸில் தனியாகப் போனேன். பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. யார்மேல் உள்ள கோபத்தில் யாரைக் கைவிடப் பார்த்தேனோ, தெரியவில்லை. பஸ் கிளம்பியது, நானும் போனேன்.

இதை எழுதுகிற இன்றைக்கு, கருவை உள்ளே வைத்துப் பத்தாவது நாள். இன்னும் நாலு நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உண்டு என்றால் உண்டு. இல்லை என்றால், அதற்கப்புறம் எனக்கென்று உறைய வைத்தது ஒன்றும் அங்கே இல்லை. எடை தூக்காதே, கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினார்கள். முதலாவதைச் செய்கிறேன்.

அன்றைக்கு உள்ளே போவதற்கு முன்னால் என்னைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்திவிட்ட நர்ஸ், நல்ல பிள்ளை, சின்ன வயசு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்காரர் வரலையாக்கா?"

"ரேஸ் இருக்கும்மா" என்றேன்.

அந்த வாரம் அவர் டீமுக்கு எங்கேயும் ரேஸ் கிடையாது.